ஸ்பாம்அசாசின் ரூல் அப்டேட் ஆகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிடியுங்கள்

"ஸ்பாம் ஜாஸ்தியா வருது, ஃபில்டர் செத்துப்போச்சு போல" என்று ஆபீஸிலிருந்து போன் வந்தால், பெரும்பாலும் ஃபில்டர் (இங்கே ஸ்பாம்அசாசின், ரூல்களை வைத்து ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போட்டு ஸ்பாமை அடையாளம் காட்டும் மென்பொருள்) சாகவில்லை. ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பழைய ரூல்களோடு. அல்லது புது ரூல்கள் டிஸ்க்கில் இறங்கி, மெமரிக்குள் ஏறாமல் கிடக்கின்றன. இரண்டும் வெவ்வேறு நோய், மருந்தும் வேறு.

டெபியன் அல்லது உபுண்டுவில் ஏபிடி வழியாகப் போட்ட ஸ்பாம்அசாசின், அதை அழைக்க ஸ்பாம்டி (ஸ்பாம்அசாசினின் பின்னணிச் சேவை) அல்லது அமாவிஸ் (மெயிலைச் சோதிக்கும் இடைநிலை மென்பொருள்): இந்த அமைப்பை வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ரெட்ஹேட் குடும்பம் மாறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். சிபேனல், ப்ளெஸ்க் மாதிரி பேனல் ஓடும் சர்வர் என்றால் கை வைக்கும் முன் ஹோஸ்டிங்காரரிடம் கேட்டுவிடுங்கள். நீங்கள் திருத்தியதைப் பேனல் தன் இஷ்டத்துக்குத் திரும்ப எழுதிவிடும். கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் தந்திருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.

எதைத் தொடும் முன்பும் மூன்று இடங்கள் மனதில் இருக்கட்டும். பேக்கேஜோடு வந்த ரூல்கள் "யுஎஸ்ஆர்/ஷேர்/ஸ்பாம்அசாசின்" ஃபோல்டரில் இருக்கும். ரூல்களைப் புதுப்பிக்கும் கட்டளையான எஸ்ஏ-அப்டேட் இறக்கும் ரூல்கள் "வார்/லிப்/ஸ்பாம்அசாசின்" அடியில், வெர்ஷன் எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டரில் இருக்கும். 3.4.6 என்றால் அதன் பெயர் 3.004006, 4.0.1 என்றால் 4.000001. உங்கள் சொந்த மாற்றங்களுக்கான இடம் "எட்சி/ஸ்பாம்அசாசின்", முக்கியமாக அதிலுள்ள லோக்கல்.சிஎஃப். இரண்டாவது ஃபோல்டர் இருந்துவிட்டால் முதலாவதை ஸ்பாம்அசாசின் எட்டிக்கூடப் பார்க்காது. இரண்டையும் சேர்த்துப் படிப்பது என்ற பேச்சே இல்லை. கீழே வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

## அறிகுறி 1: ஸ்பாம் மெல்ல மெல்லக் கூடுகிறது, லாகில் ஒரு பிழையும் இல்லை

முதலில் ரூல்களுக்கு எத்தனை வயது என்று பாருங்கள். வார்/லிப் அடியில் வெர்ஷன் ஃபோல்டருக்குள் "அப்டேட்ஸ்_ஸ்பாம்அசாசின்_ஆர்க்.சிஎஃப்" என்று ஒரு ஃபைல் இருக்கும். அதைத் திறந்தால் தொடக்கத்திலேயே "அப்டேட் வெர்ஷன்" என்று ஏழு இலக்க எண்ணோடு ஒரு கமென்ட் வரி தெரியும். ஃபைலின் தேதியையும் பாருங்கள்.

ஃபோல்டரே இல்லையா? அப்டேட் ஒருமுறைகூட ஓடவில்லை. பேக்கேஜ் கட்டிய நாளின் ரூல்களோடு சர்வர் ஓடுகிறது. டெபியன் 11 வரை "எட்சி/டிஃபால்ட்/ஸ்பாம்அசாசின்" ஃபைலில் க்ரான் என்ற மாறி 0 ஆக இருந்தால் தினசரி அப்டேட் வேலை சத்தமில்லாமல் வெளியேறிவிடும். இயல்பு மதிப்பே 0 என்பதால் நிறுவியவர் மறந்திருந்தால் அவ்வளவுதான். அதை 1 ஆக்குங்கள். டெபியன் 12 முதல் இந்த வேலையை "ஸ்பாம்அசாசின்-மெயின்டனன்ஸ்" என்ற சிஸ்டம்டி டைமர் பார்க்கிறது. சிஸ்டம்சிடிஎல்-இல் டைமர் பட்டியலைக் கேளுங்கள், அதில் இல்லையென்றால் எனேபிள் செய்து தொடங்குங்கள். ரெட்ஹேட் பக்கம் "எட்சி/சிஸ்கான்ஃபிக்/எஸ்ஏ-அப்டேட்" ஃபைலைப் பாருங்கள். அங்கே எதுவும் எழுதாவிட்டால், ஸ்பாம்டி, அமாவிஸ் போன்ற டீமன் (பின்னணிச் சேவை) ஏதாவது ஓடுவதாகத் தெரிந்தால் மட்டுமே அப்டேட் நடக்கும். வேறு வழியில் ஸ்பாம்அசாசினை அழைக்கிறவர்கள் அங்கே "யெஸ்" என்று வெளிப்படையாக எழுத வேண்டும்.

ஒரு சின்ன விஷயம்: சில பழைய வெர்ஷன்களில் தினசரி ஸ்க்ரிப்டைக் கையால் ஓட்டினால் அது தொங்கிவிட்டது போலத் தெரியலாம். எல்லா சர்வரும் ஒரே நிமிடத்தில் ரூல் தரும் மிரர் சர்வர்களைப் போட்டு மொய்க்காமல் இருக்க, ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒரு அளவு தூங்கிவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும். கன்ட்ரோல்-சி அடித்துவிட்டு "ஸ்க்ரிப்ட் ரிப்பேர்" என்று முடிவு கட்டாதீர்கள்.

ஃபோல்டர் இருக்கிறது, தேதி சில நாள் பழசா? கவலை வேண்டாம். எஸ்ஏ-அப்டேட் 1 என்ற எக்ஸிட் கோடோடு முடிந்தால் "புதிதாக ஒன்றும் இல்லை" என்று பொருள், பிழை என்று பொருள் அல்ல. 0 என்றால் புதிது இறங்கி நிறுவியாயிற்று. 2-ம் அதற்கு மேலும்தான் கவனிக்க வேண்டிய கோளாறு. 1 வந்ததற்கே சிவப்பு விளக்கு போடும் மானிட்டரிங் ஸ்க்ரிப்டுகளை நிறையப் பார்த்தாயிற்று. அவற்றைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் உண்மையான அலாரம் வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தன்னார்வலர்கள் தரும் மெயில் மாதிரிகளை வைத்து மதிப்பெண்களைக் கணக்கிட்டுத்தான் ரூல் தொகுப்பு வெளியாகிறது, மாதிரிகள் போதாத நாளில் எதுவும் வராது. 2017-இல் திட்டத்தின் சர்வர் பக்கச் சிக்கலால் பல மாதங்கள் யாருக்குமே அப்டேட் வரவில்லை.

தேதி 2020 தொடக்கத்தோடு நின்றுவிட்டதா? வெர்ஷனைப் பாருங்கள். 2020 மார்ச் 1 முதல் ரூல் தொகுப்புகளுக்கு எஸ்ஹெச்ஏ-1 செக்சம் (ஃபைல் மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கும் குறியீடு) வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். எஸ்ஹெச்ஏ-256, 512 ஆகியவற்றைச் சரிபார்க்கத் தெரிந்தது 3.4.2 முதல்தான். அதற்கு முந்தைய வெர்ஷன், உதாரணமாக சென்ட்ஓஎஸ் 6-இல் வந்த 3.3.1, அன்றைய ரூல்களோடு உறைந்து நிற்கும். இதற்கு ஒட்டுப்போடும் வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஓஎஸ்ஸையே மாற்ற வேண்டிய வேலை இது. மெயில் நிற்காமல் சர்வரை இடம் மாற்றிப் பழக்கம் இல்லாதவர்கள், தெரிந்தவரைக் கூலிக்கு அமர்த்த வேண்டிய முதல் கட்டமும் இதுதான்.

## அறிகுறி 2: அப்டேட் ஓடுகிறது, நடுவில் பிழையோடு நிற்கிறது

டீபக் ஸ்விட்சோடு எஸ்ஏ-அப்டேட்டை ஓட்டுங்கள். ஆனால் ரூட்டாக ஓட்டாதீர்கள். டெபியனில் இந்த வேலைக்கென்றே "டெபியன்-ஸ்பாம்டி" என்ற யூசர் இருக்கிறார். சூடோவில் அந்த யூசரைக் குறிப்பிட்டு, ரூல்களின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஜிபிஜி சாவிகள் இருக்கும் "எஸ்ஏ-அப்டேட்-கீஸ்" ஃபோல்டரை ஜிபிஜி-ஹோம்டிர் ஆப்ஷனில் கொடுத்து ஓட்டினால், தானாக ஓடும்போது நடப்பதை அப்படியே பார்க்கலாம்.

பெர்மிஷன் பிழை. இதுதான் அதிகம் வரும். யாரோ ஒருவர் ரூட்டாக ஒருமுறை ஓட்டியிருப்பார், வெர்ஷன் ஃபோல்டர் ரூட் பேருக்கு மாறியிருக்கும். அன்று இரவிலிருந்து தானியங்கி அப்டேட் அந்த ஃபோல்டரில் எழுத முடியாமல் தோற்கும். ஓட்டியவர் "எனக்கு நல்லாத்தான் ஓடுது" என்பார், ரூட்டுக்கு ஏன் ஓடாது! வெர்ஷன் ஃபோல்டரையும் சாவி ஃபோல்டரையும் உள்ளிருப்பவை உட்பட டெபியன்-ஸ்பாம்டி பேருக்கு மாற்றிவிடுங்கள். சாவி ஃபோல்டருக்கு 700 பெர்மிஷன் இருக்கட்டும், இல்லையென்றால் ஜிபிஜி "அன்சேஃப்" என்று முனகும்.

டிஎன்எஸ் பிழை. புது ரூல் இருக்கிறதா என்பதை எஸ்ஏ-அப்டேட் முதலில் டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்கிறது. வெர்ஷன் எண்ணைத் திருப்பிப் போட்டு, 3.4.6 என்றால் 6.4.3 என்று, அதன் பின்னால் அப்டேட்ஸ்.ஸ்பாம்அசாசின்.ஆர்க் சேர்த்து, டிஎக்ஸ்டி ரெக்கார்டு கேட்கும். டிக் கட்டளையில் அதே கேள்வியை நீங்களும் கேளுங்கள். ஏழு இலக்க எண் வந்தால் டிஎன்எஸ் நலம், அந்த எண்ணை ஃபைலில் பார்த்த எண்ணோடு ஒப்பிட்டாலே நீங்கள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் ரிசால்வரையும் ஃபயர்வாலையும் பாருங்கள்.

டவுன்லோடு பிழை. டிஎன்எஸ் சரி, டவுன்லோடு தோற்கிறது என்றால் வெளியே போகும் வெப் போர்ட் மூடியிருக்கலாம், அல்லது ப்ராக்ஸி வழியாகப் போக வேண்டிய நெட்வொர்க்காக இருக்கலாம். உங்கள் ஷெல்லில் ப்ராக்ஸி மாறியை எக்ஸ்போர்ட் செய்தது வேலையைத் தானாக ஓட்டும் க்ரானுக்கும் டைமருக்கும் தெரியாது. அவை ஓடும் இடத்திலேயே கொடுக்க வேண்டும்.

ஜிபிஜி பிழை. மினிமல் இன்ஸ்டாலில் ஜிபிஜி பேக்கேஜே இருக்காது, முதலில் அதைப் பாருங்கள். அடுத்து சர்வரின் கடிகாரம். அதுவும் சரியென்றால் சாவி இறங்காமல் இருக்கும், இம்போர்ட் ஆப்ஷனில் பேக்கேஜோடு வந்த சாவி ஃபைலைக் கொடுங்கள். "நோ-ஜிபிஜி போட்டால் போய்விடும்" என்று யாராவது சொல்வார்கள். பிழை போகும்தான். எல்லா மெயிலையும் படிக்கும் ஒரு ப்ராசஸுக்கு, யார் எழுதியது என்று தெரியாத ரூல்களைத் தினமும் ஊட்டும் ஏற்பாடும் கூடவே வந்து சேரும். அந்த ஸ்விட்சை க்ரானில் பார்த்தால் எடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 3: புது ரூல்கள் இறங்கிவிட்டன, மெயிலில் அவற்றின் சுவடே இல்லை

லோக்கல்.சிஎஃப்-இல் பிழை இருக்கிறதா? டெபியனின் தினசரி ஸ்க்ரிப்ட் புது ரூல் இறங்கியதும் ஸ்பாம்அசாசினை லின்ட் ஆப்ஷனோடு (அமைப்பு ஃபைல்களில் பிழை இருக்கிறதா என்ற சோதனை) ஓட்டிப் பார்க்கும். அது தேறினால்தான் டீமனை ரீலோடு செய்யும். லோக்கல்.சிஎஃப்-இல் ஒரு வரி தப்பாக இருந்தால் ரீலோடு நடக்காது, ரூட்டுக்கு ஒரு நீளமான மெயில் போகும். ரூட்டின் மெயிலை யார் படிக்கிறார்கள்? லின்ட்டை நீங்களே ஓட்டுங்கள். எல்லாம் சரியென்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்பும். தப்பென்றால் "ஃபெயில்ட் டு பார்ஸ் லைன்" என்று ஃபைல் பெயரையும் அந்த வரியையும் காட்டும். பல நேரம் குற்றவாளி, எங்கிருந்தோ காப்பி செய்தபோது நுழைந்த வளைந்த மேற்கோள் குறியாக இருக்கும், அல்லது ப்ளக்இன் லோடு ஆகாமல் அதன் ஆப்ஷன் மட்டும் எழுதப்பட்டிருக்கும்.

ரீலோடு யாருக்கு? அமாவிஸ் ஸ்பாம்டியைக் கூப்பிடுவதில்லை. ஸ்பாம்அசாசினைத் தன் ப்ராசஸுக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. ஆகவே அமாவிஸ் சர்வரில் ஸ்பாம்டியை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒரு மெயிலின் மதிப்பெண்கூட மாறாது. எட்சி/ஸ்பாம்அசாசின் அடியில் "எஸ்ஏ-அப்டேட்-ஹுக்ஸ்.டி" என்ற ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அப்டேட் முடிந்ததும் ஓட வேண்டிய ஸ்க்ரிப்டுகளின் இடம் அது. அமாவிஸுக்கான ஹுக் அங்கே இல்லையென்றால் ஒன்று எழுதி வையுங்கள், எக்ஸிக்யூட் பெர்மிஷன் கொடுக்கவும் மறக்க வேண்டாம். எக்ஸிம் மெயில் சர்வரிலோ மைம்டிஃபாங் ஃபில்டரிலோ ஓட்டுகிறவர்களும் "ரூலைப் படிக்கும் ப்ராசஸ் எது?" என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த ஃபோல்டரைப் படிக்கிறது? லின்ட்டோடு டீபக்கையும் சேர்த்து ஓட்டினால் கொட்டும் வரிகளில், "டிஃபால்ட் ரூல்ஸ் டிர்" என்று முடியும் ஒரு வரி உண்டு. அது வார்/லிப் பாதையைக் காட்டினால் சரி. யுஎஸ்ஆர்/ஷேர் என்று காட்டினால், வெர்ஷன் எண் ஃபோல்டர் பெயரோடு பொருந்தவில்லை.

எஸ்ஏ-கம்பைல் போட்டிருக்கிறீர்களா? வேகத்துக்காக ரூல்களை சி நிரலாக மாற்றி வைக்கும் பேக்கேஜ் அது. ரூல் மாறினால் மறுபடி கம்பைல் ஆக வேண்டும், பெர்ல் மாறினாலும் அப்படித்தான். சின்ன விபிஎஸ்ஸில் கம்பைல் நேரத்தில் மெமரி தீர்ந்து கர்னல் அதைக் கொன்றுவிடுவதும் உண்டு, சிஸ்லாகில் பாருங்கள். நாளுக்கு சில ஆயிரம் மெயில் வரும் சர்வருக்கு இது தேவையா என்பது என் சந்தேகம். நீக்கிவிட்டால் ஒரு தலைவலி குறையும்.

மெயிலைப் பார்த்தே ரூல் வெர்ஷனைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல வழி உண்டு. ஸ்பாம்அசாசின் ஹெடர்களில் "ரூல்ஸ்வெர்ஷன்" என்ற டெம்ப்ளேட் டேகைப் பயன்படுத்தலாம், முன்னும் பின்னும் அடிக்கோட்டோடு. லோக்கல்.சிஎஃப்-இல் ஆட்-ஹெடர் வரியில் அதைச் சேர்த்துவிட்டால், அடுத்த முறை புகார் வரும்போது சர்வரில் லாகின் செய்யாமலே ஹெடரைப் பார்த்து எண்ணைப் படித்துவிடலாம். அமாவிஸ் தன் ஹெடர்களைத் தானே எழுதுவதால் இது ஸ்பாம்டி வழியில் மட்டும்தான் பலிக்கும்.

## அறிகுறி 4: திடீரென்று எல்லா மெயிலுக்கும் பூஜ்ய மதிப்பெண்

இது படிப்படியாக வருவதில்லை, ஒரே நாளில் மதகு திறந்த மாதிரி வரும். முதல் சோதனை ஜிட்யூப். ஸ்பாம் ஃபில்டரைச் சோதிக்கவென்றே வைத்திருக்கும் நீளமான எழுத்து வரிசை அது, மாதிரி மெயில் பேக்கேஜின் ஆவண ஃபோல்டரில் கிடைக்கும். அதை ஸ்பாம்அசாசினுக்குக் கொடுத்தால் 1000 மதிப்பெண் வர வேண்டும். ஜிட்யூபைப் பிடிக்கும் ரூலும் அடிப்படைத் தொகுப்பில்தான் இருக்கிறது. ஆகவே 1000 வராவிட்டால் அடிப்படைத் தொகுப்பே ஏறவில்லை.

பெரும்பாலான காரணம்: யாரோ கேஏஎம் போன்ற வெளிச் சேனலை (வேறொருவர் வெளியிடும் ரூல் தொகுப்பை) சேர்த்திருப்பார். சேனல் ஆப்ஷனில் ஒன்றை எழுதிவிட்டால் எஸ்ஏ-அப்டேட் அதை மட்டும்தான் இறக்கும், இயல்புச் சேனல் தானாகச் சேராது. புதிதாக நிறுவிய சர்வரில் இது நடந்தால் வெர்ஷன் ஃபோல்டர் உருவாகிவிடும், அதில் வெளிச் சேனல் மட்டும் இருக்கும். ஃபோல்டர் இருப்பதால் பேக்கேஜ் ரூல்களையும் படிக்காது. தொடக்கத்தில் சொன்னேனே, அதேதான். கட்டளையில் இரண்டு சேனலையும் எழுதி ஓட்டினால் தீர்ந்தது. வெளிச் சேனலின் சாவியைத் தனியே இம்போர்ட் செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஜிட்யூபுக்கு 1000 வருகிறது, நிஜ மெயிலில் ஸ்பாம்அசாசின் ஹெடரே இல்லை என்றால் ரூலில் கோளாறு இல்லை. மெயில் ஃபில்டர் பக்கமே போகவில்லை. மெயிலை ஃபில்டருக்கு அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரின் மாஸ்டர்.சிஎஃப் வேறு கதை. அதில் அனுபவம் இல்லாமல் ஓடும் சர்வரில் கை வைத்தால் மெயில் தொலையும், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 5: ரூல்கள் புதிது, ஏறியும் இருக்கின்றன, ஆனாலும் ஸ்பாம் தப்புகிறது

தப்பி வந்த ஒரு மெயிலின் ஸ்பாம்-ஸ்டேட்டஸ் ஹெடரைத் திறந்து, எந்தெந்த ரூல் பட்டது என்ற பட்டியலைப் பாருங்கள். அதில் "யூஆர்ஐபிஎல்_ப்ளாக்ட்" என்று இருக்கிறதா? இந்தியாவில் சின்ன ஆபீஸ் சர்வர்களில் இதைப் பார்க்காத இடம் குறைவு. சர்வரின் டிஎன்எஸ் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று வைத்திருப்பார்கள். ஸ்பாம் முகவரிகளின் பட்டியலான பிளாக்லிஸ்டை நடத்துபவர்கள், அதை டிஎன்எஸ் வழியாகக் கேட்கும் இலவசக் கேள்விகளுக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஊர் உலகமே கேட்கும் பொது ரிசால்வர் வழியாக உங்கள் கேள்வி போனால் வரம்பு எப்போதோ தாண்டியிருக்கும், பதில் மறுக்கப்படும். ஸ்பாமைப் பிடிப்பதில் பெரும்பங்கு இந்த லிஸ்டுகளுடையது. அவை ஊமையானால் மற்ற ரூல்கள் எவ்வளவு புதிதாக இருந்தும் பல மெயில்கள் ஸ்பாம் என்று முடிவாகத் தேவையான 5 மதிப்பெண்ணை எட்டாது.

மருந்து செலவில்லாதது. அதே சர்வரில் அன்பவுண்டு என்ற டிஎன்எஸ் ரிசால்வரை நிறுவுங்கள், லோக்கல்.சிஎஃப்-இல் டிஎன்எஸ்-சர்வர் 127.0.0.1 என்று எழுதுங்கள், ரீலோடு செய்யுங்கள். அன்பவுண்டில் ஃபார்வர்ட் ஜோன் எதுவும் இருக்கக் கூடாது, இருந்தால் மறுபடியும் 8.8.8.8-க்கே போய் நிற்கும். உபுண்டுவில் இன்னொரு மயக்கம்: ரிசால்வ்.கான்ஃப் 127.0.0.53 என்று காட்டும், "லோக்கல்தானே" என்று தோன்றும். அது சிஸ்டம்டியின் வாசல் மட்டும்தான், கேள்வியை மேலே இருக்கும் டிஎன்எஸ்ஸுக்குத் தள்ளிவிடும்.

ப்ளாக்ட் எதுவும் இல்லையென்றால், மாதிரி மெயில்களிலிருந்து கற்றுக்கொள்ளும் பேஸ் ஃபில்டரைப் பாருங்கள். 200 ஸ்பாம், 200 நல்ல மெயில் கற்றுத்தரும் வரை அது வாயே திறக்காது. கற்றுத்தந்ததும், ஃபில்டர் ஓடும் அதே யூசரின் பேரில் நடந்திருக்க வேண்டும்.

## அறிகுறி 6: அப்டேட்டுக்குப் பிறகு நல்ல மெயில் ஸ்பாமுக்குப் போகிறது

நடக்கக்கூடியதுதான். 2010 ஜனவரி 1 அன்று உலகமெங்கும் நடந்தது. எஃப்ஹெச்_டேட்_பாஸ்ட்_20எக்ஸ்எக்ஸ் என்ற பழைய ரூல், தேதியில் 2010-ம் அதற்குப் பிந்தைய ஆண்டும் இருந்தால் "ரொம்ப எதிர்காலத்துத் தேதி" என்று மதிப்பெண் போட்டது. புத்தாண்டு வாழ்த்துகள் வரிசையாக ஸ்பாமுக்குப் போயின. திருத்தம் அன்றே அப்டேட் சேனலில் வந்துவிட்டது, தினசரி அப்டேட் வைத்திருந்தவர்கள் சீக்கிரம் தப்பித்தார்கள்.

தவறாகப் பிடிபட்ட மெயிலின் ஹெடரில் எந்த ரூல் அதிகம் போட்டது என்று பாருங்கள். லோக்கல்.சிஎஃப்-இல் ஸ்கோர் என்று எழுதி, ரூல் பெயரும் குறைந்த மதிப்பெண்ணும் கொடுங்கள், 0 கொடுத்தால் அந்த ரூல் அணைந்துவிடும். அந்த வரிக்கு மேல் தேதியோடு ஒரு கமென்ட் எழுதி வையுங்கள், ஆறு மாதம் கழித்து அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாருக்கும் நினைவிருக்காது. வார்/லிப்பில் உள்ள ஃபைலைத் திருத்தவே கூடாது, அடுத்த அப்டேட் அதை அழித்துவிடும்.

தமிழ் மெயில்கள் மட்டும் மாட்டுகின்றன என்றால் "அன்வான்டட்_லாங்வேஜ்_பாடி" இருக்கிறதா பாருங்கள். மொழியைக் கண்டறியும் டெக்ஸ்ட்கேட் ப்ளக்இனை இயக்கி, ஓகே-லாங்வேஜஸில் ஆங்கிலம் மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். தமிழுக்கான டிஏ என்ற இரண்டெழுத்துக் குறியையும் சேர்த்தால் சரியாகும்.

தொகுப்பே மொத்தமாகச் சொதப்பிவிட்டது என்று தோன்றினால், வெர்ஷன் எண் ஃபோல்டரை மட்டும் வேறு பெயருக்கு மாற்றி ரீலோடு செய்யுங்கள், பேக்கேஜின் பழைய ரூல்களுக்குத் திரும்பிவிடும். வார்/லிப்/ஸ்பாம்அசாசின் ஃபோல்டரை முழுதாக அழிக்க வேண்டாம். அதுதான் டெபியன்-ஸ்பாம்டி யூசரின் ஹோம், அங்கே பேஸ் கற்றதெல்லாம் புள்ளியில் தொடங்கும் மறைவு ஃபோல்டரில் இருக்கக்கூடும்.

## அறிகுறி 7: ஓஎஸ் அப்கிரேடு செய்த மறுநாளே கோளாறு

டெபியன் 11-இலிருந்து 12-க்கு வந்தவர்களுக்கு 3.4.6 போய் 4.0 வந்திருக்கும். ஸ்பாம்டி தனி பேக்கேஜாகப் பிரிந்துவிட்டது, சர்வீஸின் பெயரும் ஸ்பாம்டி. பழைய பெயரில் ரீஸ்டார்ட் செய்யும் ஸ்க்ரிப்டுகள் எல்லாம் தோற்கும். வெர்ஷன் ஃபோல்டரும் மாறியதால் முதல் அப்டேட் ஓடும்வரை பேக்கேஜ் ரூல்கள்தான். காத்திருக்காமல் மெயின்டனன்ஸ் சர்வீஸைக் கையால் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். எஸ்ஏ-கம்பைல் இருந்தால் அதையும் ஓட்டுங்கள். 4.0-இல் ஒயிட்லிஸ்ட் என்ற பெயர் வெல்கம்லிஸ்ட் என்று மாறியிருக்கிறது. பழைய பெயரும் இப்போதைக்குச் செல்லும், அதனால் அப்கிரேடு இரவில் அதைத் திருத்த உட்கார வேண்டியதில்லை. எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு 3.004006 ஃபோல்டரை அழித்துவிடலாம்.